மாடி சரிந்தது, கையெழுத்து?

தம்பி,

எழுப்ப ஆண்டுகள் ஆயின. சரிக்க நொடிகள் போதுமானதாயிற்று! கொச்சியை அடுத்த மரடு என்ற ஊரில், 2020 ஜனவரி 11, 12 ஆகிய இரு நாட்களில், காயலோரத்திலே நின்ற நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. முந்நூறுக்கு மேற்பட்ட வீடுகள்! வேடிக்கை பார்க்கக் கூட்டம் திரண்டது. புழுதி அடங்கியது. சட்டம் வென்றது என்றனர். வென்றதுதான், மறுப்பாரில்லை. ஆனால், கல்லையும் கம்பியையும் பிளந்த வெடிமருந்து, அவற்றுக்கு முன்பே பிறந்த ஒரு காகிதத்தைத் தொட்டதா?

அந்தக் காகிதத்தின் கதையைக் கேள். வேம்பநாட்டுக் காயல், ஆறுகள் கொண்டுவரும் வெள்ளத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மெல்லக் கடலுக்கு அனுப்பும் ஈரநிலம். 2002-ல் ராம்சர் பட்டியலில் ஏறியது. அதன் கரையிலே கட்டவேண்டுமானால், மாநிலக் கடலோர மண்டல ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். அன்று ஊராட்சியாக இருந்த மரடு, 2006-ல், ஆணையத்தைக் கேளாமலே அனுமதி தந்தது! மறு ஆண்டு மாநில அரசு கண் விழித்தது. ஊராட்சி, தான் தந்த அனுமதிக்கே விளக்கம் கேட்டது. கட்டுவோர் உயர்நீதிமன்றம் ஏறினர். வழக்கும் வளர்ந்தது, மாடியும் வளர்ந்தது! 2019 மே 8-ல் உச்சநீதிமன்றம் இடிக்கச் சொன்னபோது, அங்கே அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன; பிள்ளைகள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தனர்.

இழந்தவர் யார்? வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்கியவர். வீட்டுக்கு 25 லட்ச ரூபாய் இடைக்கால ஈட்டை அரசு முதலில் கொடுக்கட்டும், பிறகு கட்டியவரிடம் வசூலிக்கட்டும் என்றது நீதிமன்றம். அரசுக் கருவூலம் என்றால் என்ன, தம்பி? வலை வீசுபவனும் மூட்டை தூக்குபவனும் கொடுத்த வரி! அந்த மாடியின் படிக்கட்டில் ஒருநாளும் கால் வைத்திராதவன் அவன். பக்கத்துச் சிறு வீட்டுக்காரர் பாடோ இன்னும் மோசம். இடிப்பு வேலை தொடங்கியதுமே சுவரில் விரிசல் கண்டு, வாடகை வீடு தேடி அலைந்தனர் சிலர்.

முன்னாள் ஊராட்சிச் செயலாளர் கைதானாரே என்பாய். ஆம், 2019 அக்டோபரில்! அனுமதி தந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து! குற்றத்தை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். என் கேள்வி வேறு. ஒரு செயலாளரின் பேனாவோடு முடிகிற கணக்கா இது? வாக்குக் கேட்டு வீடு வீடாக வந்தவர்கள் அந்த மன்றத்தில் எதற்கு உட்கார்ந்திருந்தார்கள்?

கொச்சிக் கதை நமக்கெதற்கு என்று எண்ணாதே. நமது பள்ளிக்கரணையும் 2022-ல் அதே ராம்சர் பட்டியலில் ஏறிய நிலம்தான். ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் அதிகாரம் கொடு என்று மேடைதோறும் முழங்குகிறவர்கள் நாம். நாளை நீயே உறுப்பினராக அமரலாம். அமர்ந்தால், முதல் கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் கொண்டுவா: ஏரி, குளம், சதுப்பை ஒட்டிய ஒவ்வொரு கட்டிட அனுமதியும், சர்வே எண்ணோடு, ஒப்பமிட்டவர் பெயரோடு, அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும், கிராம சபையில் உரக்கப் படிக்கப்பட வேண்டும். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பு, தம்பி, பிறகல்ல!