ரொட்டியும் ராஜ்யமும் – 11: கடன் மேசையிலிருந்து கோதுமை வயலுக்கு

சென்ற வாரம் ரஷ்ய வேளாண் அமைச்சர் அலெக்சாந்தர் த்கச்சோவின் கதையை இந்தோனேசியாவில் நிறுத்தியிருந்தோம். ஜெர்மனி அங்கே பன்றி இறைச்சி ஏற்றுமதி செய்கிறது என்று 2017 அக்டோபரில் அவர் சொல்லப்போக, அது முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடாயிற்றே என்று கேமராக்களுக்கு முன்னாலேயே புதின் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த மே மாதம் புது அமைச்சரவை அமைந்தபோது த்கச்சோவுக்கு இடமில்லை. வேளாண் துறை ஒரு வங்கிக்காரரிடம் போனது.

திமீத்ரி பத்ருஷெவ், 1977-ல் லெனின்கிராதில் பிறந்தவர். அப்பா நிகோலாய் பத்ருஷெவ் 1999 முதல் 2008 வரை எஃப்.எஸ்.பி. உளவுத் துறையின் தலைவர், அதன்பின் 2024 வரை பாதுகாப்புக் கவுன்சிலின் செயலாளர். இதைச் சொல்லாமல் மகனின் வாழ்க்கைக் குறிப்பை எழுத முடியாது. மாஸ்கோவில் நிர்வாகவியல் படிப்பு, கொஞ்ச காலம் போக்குவரத்து அமைச்சகம், பிறகு அரசின் வி.டி.பி. வங்கி. 2010-ல், 32 வயதில், ரோஸ்செல்கோஸ்பேங்க் என்ற வேளாண் வங்கியின் தலைமை நாற்காலி.

இந்த வங்கி 2000-ல் தொடங்கப்பட்டது, முழுக்க அரசுடைமை. நம் நபார்டு பெரும்பாலும் மற்ற வங்கிகள் வழியாகக் கடன் தருகிறது. இது விவசாயியிடமும் பண்ணை நிறுவனத்திடமும் நேரடியாகப் பேசுகிற வங்கி. வசந்தம் வந்தால் விதை, உரம், டீசல் வாங்கப் பருவக் கடன். விளையப்போகிற பயிரையே அடமானமாக எழுதிக் கொடுக்கலாம். மழை பொய்த்தால் அடமானமும் போச்சு, கடனும் போச்சு.

2014 ஜூலையில் கிரிமியா, உக்ரைன் விவகாரத்துக்காக அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் விதித்த தடைப் பட்டியலில் இந்த வங்கியும் வந்தது. மேற்கின் நீண்டகாலக் கடன் கதவு மூடிக்கொண்டது. அடுத்த மாதமே ரஷ்யா பதிலடியாக மேற்கத்திய இறைச்சி, பால் பொருள், காய்கறி, பழங்களுக்குத் தடை போட்டது. இனி எல்லாவற்றையும் உள்நாட்டிலேயே விளைவிக்க வேண்டும், அதற்குக் கடன் கொடு என்று மேலிருந்து உத்தரவு. வெளியே பணம் வாங்க முடியாது, உள்ளே கேட்பவர்களுக்கு இல்லை என்று சொல்லவும் முடியாது. 2015-ல் வங்கியின் நஷ்டம் 9,000 கோடி ரூபிளைத் தாண்டியது. அரசு மறுபடி மறுபடி மூலதனத்தைக் கொட்டித்தான் அது தப்பியது. தனியார் வங்கியாக இருந்தால் தலைவர் வீட்டுக்குப் போயிருப்பார். இவர் அமைச்சரானார், கூடவே அதே வங்கியின் மேற்பார்வைக் குழுவுக்கும் தலைவரானார்!

அமைச்சராகி அவர் செய்தவற்றில் வங்கிக்காரரின் கைரேகை தெளிவாகத் தெரியும். கிராமங்கள் காலியாகின்றனவா? 2020-ல் மூன்று சதவீதத்துக்கு மேல் போகாத வட்டியில் கிராம வீட்டுக் கடன். மிச்ச வட்டியை அரசு வங்கிக்குக் கட்டிவிடும்.

ஆனால் அவர் காலத்தின் முத்திரை என்றால் கோதுமை ஏற்றுமதி வரிதான். உலகச் சந்தையில் விலை ஏறும்போது உள்ளூர் ரொட்டி விலையும் ஏறிவிடுமே என்ற பயத்தில் பிறந்தது அது. 2021 ஜூன் 2 முதல் ஒரு சூத்திரம் நடைமுறைக்கு வந்தது: அப்போது டன் 200 டாலருக்கு மேல் எவ்வளவு விலை போனதோ, அந்த அதிகப்படியில் 70 சதவீதம் அரசுக்கு. 300 டாலருக்கு விற்றால் 70 டாலர் வரி. ஏற்றுமதி ஒப்பந்த விலைகளை வைத்து வாராவாரம் புதிதாகக் கணக்கிட்டு அறிவிப்பார்கள். வியாபாரிகள் இதை ‘டெம்ஃபர்’ என்பார்கள். வண்டியின் அதிர்வைத் தாங்கும் கருவியின் பெயர் அது. அதிர்வைத் தாங்கியது யார் என்பதில்தான் தகராறு. ஏற்றுமதி நிறுவனம் வரியைத் தன் லாபத்தில் கழித்துக்கொள்ளாது. விவசாயிக்குக் கொடுக்கிற கொள்முதல் விலையில் கழித்துக்கொள்ளும். டிராக்டர் பாகங்களுக்கு அப்படி எந்தச் சூத்திரமும் விலையைப் பிடித்து வைக்கவில்லை. வசூலான பணம் மானியமாகத் திரும்பி வரும் என்றது அரசு. வந்தது, ஆனால் யாருக்கு எவ்வளவு என்பதை அரசுதானே தீர்மானிக்கும்? விலை என்பது சந்தையில் கிடைக்கும் உரிமை, மானியம் விண்ணப்பித்துப் பெறுவது. என் பார்வையில் அவர் செய்த பெரிய மாற்றம் இதுவே.

2022-ல் தானிய விளைச்சல் 15.7 கோடி டன்னைத் தாண்டிச் சாதனை படைத்தது. கோதுமை மட்டும் 10.4 கோடி டன். இதில் வானிலையின் பங்கு எவ்வளவு, அமைச்சரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்பவரை நம்ப வேண்டாம். அதே ஆண்டு ஜூனில் அவருடைய பழைய வங்கியை வங்கிகள் பணப் பரிமாற்றச் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் துண்டித்தது. அதை மீண்டும் இணைக்க வேண்டும் என்பது, உக்ரைன் தானியம் கப்பலில் போக வழிவிட்ட கருங்கடல் தானிய ஒப்பந்தத்தில் ரஷ்யா விடாமல் கேட்ட கோரிக்கைகளில் ஒன்று. 2023 ஜூலையில் ரஷ்யா அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டது.

கோதுமையில் தப்பியவர் முட்டையில் மாட்டினார். அந்த ஆண்டில் முட்டை விலை 40 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. டிசம்பர் 14 அன்று நேரலை நிகழ்ச்சியில் ஓய்வூதியம் பெறும் பெண் ஒருவர் முறையிட, புதின் மன்னிப்புக் கேட்டார். அமைச்சரிடம் விசாரித்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார் என்று சபையிலேயே போட்டும் உடைத்தார். அவசரமாக 120 கோடி முட்டைக்கு இறக்குமதி வரி நீக்கப்பட்டது. த்கச்சோவைச் சிரித்து அனுப்பிய அதே வாயால் வந்த குத்து இது. ஆனால் 2024 மே மாதம் பத்ருஷெவ் துணைப் பிரதமராக உயர்ந்தார்.

காலியான அமைச்சர் நாற்காலியில் அமர்ந்தவர் ஒக்சானா லூத். அவரும் ரோஸ்செல்கோஸ்பேங்கிலிருந்து வந்தவர்தான். அவரைப் பற்றி அடுத்த வாரம்.