50 இன்ச் சக்கரம், ஒரே கியர்: ஒரு நெடும்பயணத்தின் முதல் நாள்

லாங் ரைடு பத்தி நீங்க அனுப்புற கேள்விகள்ல திரும்பத் திரும்ப வர்றது இதுதான்: "முதல் நாள் எத்தனை கிலோமீட்டர் வைக்கலாம்?" பதிலுக்கு முன்னாடி, 1884 ஏப்ரல் 22-க்குப் போயிட்டு வருவோம்.

கலிஃபோர்னியாவுல ஓக்லேண்ட். காலை நேரம். தாமஸ் ஸ்டீவன்ஸ், வயசு 29, இங்கிலாந்துல பிறந்தவர். அமெரிக்காவைக் குறுக்கா கடந்து பாஸ்டன் வரைக்கும் சைக்கிள்ல போகக் கிளம்புறார். வழியனுப்ப வந்தது உள்ளூர் சைக்கிள்காரங்க கொஞ்ச பேர், அவங்களும் வேடிக்கை பார்க்க வந்தவங்கதான். லக்கேஜ்: சாக்ஸ், மாத்துச் சட்டை, ரெயின்கோட், ஒரு ரிவால்வர். அந்த ரெயின்கோட்டேதான் கூடாரம், படுக்கை எல்லாம்.

வண்டி எப்படி வேலை செஞ்சது?

அது பென்னி ஃபார்திங். முன்னாடி பெரிய சக்கரம், பின்னாடி குட்டிச் சக்கரம். செயின் கிடையாது. பெடல் நேரா முன்சக்கரத்தோட அச்சுல இருக்கும். ஒரு மிதி சுத்தினா சக்கரமும் ஒரு சுத்து. அதனால சக்கரத்தோட அளவுதான் கியர்.

ஸ்டீவன்ஸோட கொலம்பியா சைக்கிளுக்கு 50 இன்ச் சக்கரம். ஒரு சுத்துக்குக் கிட்டத்தட்ட 4 மீட்டர். நிமிஷத்துக்கு 60 தடவை மிதிச்சா மணிக்கு 14 கிலோமீட்டர் சொச்சம். இன்னைக்கும் சைக்கிள்காரங்க "கியர் இன்ச்"னு ஒரு கணக்கு சொல்றாங்கல்ல? அது இந்தப் பெரிய சக்கரத்துல இருந்து வந்த அளவுதான்.

ஏத்தம் வந்தா கியரைக் குறைக்க வழியில்ல, இறங்கித் தள்ளணும். இறக்கத்துலயும் பெடல் சுத்திக்கிட்டே இருக்கும். டயர் கெட்டி ரப்பர். காத்தடிச்ச டயரை டன்லப் கொண்டு வந்தது 1888-லதான். செயின் வச்ச ரோவர் சைக்கிள் வந்தது 1885-ல. நம்ம ஆள் அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே கிளம்பிட்டார்!

முதல் நாள் சாலை

முதல் 7 மைல், சான் பாப்லோ அவென்யூல ஜல்லி போட்ட அரைகுறைச் சாலை. அந்தக் குளிர்காலத்துல பெஞ்ச மழை 1857-க்கு அப்புறம் அவ்வளவு மோசமானதுன்னு எழுதறார். சாலையோட கடைசிப் பகுதி அலை அலையா மாறி, நடுநடுவுல கல்லு துருத்திக்கிட்டு நின்னுது. ஆனா அவருக்கு அது கடல்ல சின்னப் படகுல போற மாதிரி ஜாலியா இருந்துச்சாம். அதுக்கப்புறம் வெறும் மண் ரோடு.

கிளம்பி ஒரு 13 மைல்கூட ஆகல. மழைக்கு அப்புறம் பச்சைப் பசேல்னு இருந்த காட்சியைப் பார்த்துக்கிட்டே ஓட்டினவர், சாலையோரத் தண்ணிப் பள்ளத்துல தலைகுப்புற விழப் பார்த்தார். மயிரிழையில தப்பிச்சார்.

ஏன் தலைகுப்புற? உட்கார்ற இடம் கிட்டத்தட்ட முன் அச்சுக்கு நேர் மேல, அதுவும் ரொம்ப உசரத்துல. ஒரு கல்லு சக்கரத்தைச் சட்டுனு நிறுத்தினா, உடம்பு மட்டும் அதே வேகத்துல முன்னாடி போகும். அச்சைச் சுத்தி அப்படியே கவிழும். கால் வேற ஹேண்டில்பாருக்கு அடியில மாட்டிக்கும். அந்தக் காலத்துல இதுக்கு "ஹெடர்"னே தனிப் பேரு. அந்த வண்டியில காலோட பலத்தைவிட முக்கியம், கண்ணு ரோட்டுலயே இருக்கிறது. முதல் நாளே அது தெரிஞ்சுபோச்சு.

நம்ம கேள்விக்கு வருவோம்

ஸ்டீவன்ஸ் ஆகஸ்ட் 4-ம் தேதி பாஸ்டன் சேர்ந்தார். சுமார் 3,700 மைல், 103 நாளுக்குக் கொஞ்சம் மேல. சராசரி போட்டா நாளுக்கு 57 கிலோமீட்டர் வருது. ஆனா அதுல மழைக்காகவும் வேற காரணங்களுக்காகவும் நின்ன நாள் 20 இருக்கு. சியரா நெவாடா மலையில, ரயில் பாதைக்கு மேல போட்ட மரக்கூரைக்கு உள்ள சைக்கிளைத் தள்ளிக்கிட்டு நடந்த நாளும் இருக்கு. சராசரிங்கிறது பயணம் முடிஞ்ச அப்புறம் கிடைக்கிற நம்பர். அதை முதல் நாள் டார்கெட்டா வைக்காதீங்க.

நம்ம பாஷையில சொன்னா, முதல் நாள்ங்கிறது ப்ரொடக்ஷன்ல நடக்கிற முதல் லோட் டெஸ்ட். முழு லக்கேஜ், உண்மையான ரோடு, உண்மையான வெயில். இதுல முட்டி போச்சுன்னா மிச்சப் பயணமே போச்சு. அதனால நான் சொல்றது இதுதான்:

உங்க வழக்கமான தூரத்துல பாதி போதும். முதல் 15 கிலோமீட்டர்ல நிறுத்தி, சீட் உசரம், கேரியர் ஸ்க்ரூ, கை மரத்துப்போகுதான்னு பாருங்க. பக்கத்துல ரயில்வே ஸ்டேஷனோ பஸ்ஸோ இருக்கிற ரூட்டா எடுங்க. சாயங்காலம் இன்னும் 20 கிலோமீட்டர் ஓட்டலாம்னு தோணும்போதே நிறுத்திடுங்க. அந்தத் தெம்பு ரெண்டாவது நாளுக்கு வேணும்.

ஸ்டீவன்ஸ் பாஸ்டனோட நிக்கல. 1885-ல இங்கிலாந்துல இருந்து மறுபடி கிளம்பி, லாகூர்ல இருந்து கிராண்ட் டிரங்க் ரோட்டுல கல்கத்தா வரைக்கும் ஓட்டி, 1886 டிசம்பர்ல யோகோஹாமா போய்ச் சேர்ந்தார். அந்த இந்திய ரூட்டை அடுத்த எபிசோட்ல பார்ப்போம். அதுவரைக்கும், ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க!