வாலைக் கட்டி ஓட்டும் எஞ்சின்

1978ல் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 கார் வந்தது. அதன் ரோட்டரி எஞ்சின் பழைய வண்டிக் கிடங்குகளுக்கு வந்து சேர்ந்ததும், அமெரிக்காவில் சொந்தக் கொட்டகையில் விமானம் கட்டுவோர் சிலர் அதைத் தேடிப்போய் வாங்கினார்கள். பிஸ்டனும் வால்வும் கிடையாது. முக்கோண ரோட்டர்கள் இரண்டுதான். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும் எஞ்சினை புரொப்பெல்லருக்கு ஏற்ற வேகத்துக்கு இறக்க ஒரு கியர்பாக்ஸ்.

அன்று, பறக்கும் முன் தரைச் சோதனை என்றால், விமானத்தின் வாலைக் கம்பத்தில் கட்டி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, தீயணைப்புக் குப்பியோடு ஒருவரை நிறுத்திவிட்டு எஞ்சினைக் கிளப்புவது. கார்புரேட்டர், சில முள் மீட்டர்கள், மற்றபடி காதுதான். இந்த எஞ்சினின் சூட்டில் கணிசமான பங்கை எண்ணெய் சுமக்கிறது. தண்ணீருக்கு மட்டும் நல்ல ரேடியேட்டர் வைத்து, எண்ணெய்க் கூலரைச் சிறிதாக வைத்தவர்கள் தவித்துப்போனார்கள். கார் ஏசியின் இவாப்பரேட்டரையே ரேடியேட்டராக்கியவர்களும் உண்டு.

இன்று எலெக்ட்ரானிக் எரிபொருள் செலுத்தம். ஒவ்வொரு ரோட்டரின் புகைச் சூடும் திரையில் தெரிகிறது, பதிவாகிறது. ஆனால் மின்சாரம் போனால் எஞ்சினும் நிற்கும். இந்த அபாயத்தைத் திரை காட்டாது. வேண்டுமென்றே வரவழைத்துப் பார்க்க வேண்டும். முழுச் சக்தியில் அலறும்போதே ஒரு பம்பை அணைக்க வேண்டும், பிறகு ஒரு கம்ப்யூட்டரை, பிறகு ஒரு பேட்டரியை. இன்றைய சோதனையில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். சாலையில் அறுந்த ஒயர் காரை ஓரங்கட்ட வைக்கும். புறப்பட்ட விமானத்துக்கு ஓரம் கிடையாது.

மாறாத சோதனை ஒன்றும் உண்டு. மேலேறும் கோணத்துக்கு மூக்கை உயர்த்தி, எரிபொருள் குழாயை அளவுக் கேனில் விட்டு, கடிகாரத்தைப் பார்ப்பது. பம்ப் வைத்த விமானமென்றால், முழுச் சக்திக்கு வேண்டியதில் 125 சதவீதம் வந்தாக வேண்டும்.

தரையில் எதிர்காற்று இல்லை. புரொப்பெல்லர் தள்ளும் காற்று மட்டுமே. அங்கே கிடைக்கும் சூட்டுக் கணக்கை வானத்துக்கு அப்படியே நம்ப முடியாது. ஆனால் சூட்டால் வரும் ஒரு சிக்கலைத் தரையிலேயே வரவழைத்துப் பார்க்கலாம். ஒருமுறை நன்றாகச் சூடேற்றி அணைத்து, எஞ்சின் மூடிக்குள் வெப்பம் தேங்கவிட்டு, மறுபடி கிளப்பி முழுச் சக்திக்குப் போக வேண்டும். குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைப்பதானால், வால் கட்டியிருக்கும் அந்த நேரத்திலேயே அடைக்கட்டும்.