ஒயர் ஹெட்போனுக்கு ஒரு புளூடூத் ரிசீவர்

2016-ல் வந்த ஐபோன் 7-ல் ஹெட்போன் ஜாக் இல்லை. மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாக அதே வழியில் போக, நல்ல நிலையிலிருந்த ஒயர் ஹெட்போன்கள் பல வீடுகளில் மூலைக்குப் போய்விட்டன. அவற்றைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. தீப்பெட்டி அளவே உள்ள புளூடூத் ரிசீவர் ஒன்று போதும்.

போன், எண்களாக உள்ள பாட்டைச் சுருக்கி, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் அனுப்புகிறது. ரிசீவர் அதைப் பிடித்து விரிக்கிறது. உள்ளே இருக்கும் ‘டாக்’ சிப் அந்த எண்களை மின்னலைகளாக மாற்ற, ஆம்ப்ளிஃபையர் அவற்றுக்கு வலுவேற்றி ஹெட்போனை இயக்குகிறது.

வாங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது கோடெக்கை, அதாவது பாட்டைச் சுருக்கும் முறையை. எஸ்பிசி எல்லாக் கருவியிலும் உண்டு. சோனியின் எல்டாக் நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும். ஆனால் போனிலும் அது இருக்க வேண்டும். ஐபோனில் எஸ்பிசி, ஏஏசி இரண்டுதான். ஐபோன்காரர் எல்டாக்குக்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

என்னைக் கேட்டால், கோடெக்கைவிட ஆம்ப்ளிஃபையரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சென்ஹைசர் எச்டி 600-ன் மின்தடை 300 ஓம். சிறிய ரிசீவரில் மாட்டினால், வால்யூமை முழுக்க வைத்தாலும் பாட்டு சோர்ந்துதான் கேட்கும். காதுக்குள் செருகும் 16 ஓம் இயர்போனில் சிக்கல் நேர்மாறானது. கார் ஸ்டீரியோவின் ஆக்ஸ் துளைக்கென்று விற்கும் மலிவு ரிசீவரில் அதை மாட்டினால், பாட்டுக்குப் பின்னால் ‘உஸ்’ஸென்ற இரைச்சல் விடாமல் கேட்கும். கடையில் சோதிப்பது சுலபம். பாட்டை ஓடவிட்டு, வால்யூமை அடியோடு குறைத்துக் கேளுங்கள். இரைச்சல் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

டிவியில் செருகும் டிரான்ஸ்மிட்டரும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். ஆனால் அது ஒலியை அனுப்பும், வாங்காது. பெட்டியில் ‘ரிசீவர்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போன் பேசவும் வேண்டுமென்றால் ரிசீவரிலேயே மைக் இருப்பது நல்லது. ஹெட்போன் பிளக்கில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் ஒயரிலும் மைக் இருக்கும். ஆனால் எல்லா ரிசீவரும் அதை ஏற்பதில்லை.

கொஞ்சம் செலவழிக்க முடிந்தவர்கள் ஃபியோ பிடிஆர்5, குடெலிக்ஸ் 5கே போன்றவற்றைப் பார்க்கலாம். யுஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்தாலும் இவை பாடும். புளூடூத்தில் படத்துக்கும் ஒலிக்கும் இடையே வரும் தாமதம் கேபிளில் தொந்தரவு தராது என்பதால், கேம் விளையாடுபவர்களுக்கு இந்த வசதி பெரிதும் உதவும்.