மயிலாப்பூர் மொட்டை மாடியில் போர்த்துகீசிய விருந்து: மெனு முதல் மியூசிக் வரை தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

தீம் பார்ட்டி சீசன் இது. இத்தாலி, மெக்சிகோ எல்லாம் பழசாகிவிட்டது, போர்ச்சுகல் ட்ரை பண்ணலாமா? சென்னையில் இதற்கு மயிலாப்பூரை விடப் பொருத்தமான இடம் கிடையாது. லஸ் சர்ச் 1516-ல் கட்டப்பட்டது என்கிறது அங்குள்ள கல்வெட்டு. சாந்தோமில் அவர்கள் குடியேறியது 1520-களில். ஜன்னல், சாவி, அலமாரி, மேசை எல்லாமே அவர்கள் விட்டுச்சென்ற வார்த்தைகள்தான். மிளகாயும் அவர்கள் கப்பலில் வந்ததே.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பழைய கபாலீஸ்வரர் கோயில் கடலோரம் இருந்தது, போர்த்துகீசியர் காலத்தில்தான் அழிந்தது என்பது பரவலான கருத்து. இப்போதுள்ள கோயில் அதன்பின் எழுந்தது. அதனால் 'கப்பல் கேப்டன்' வேஷம் போட்டு வெற்றிக்கொடி நாட்டுற மாதிரியான அலங்காரம் வேண்டாமே. சாப்பாடும் பாட்டும் போதும்.

என்ன சமைக்கலாம்?

போர்ச்சுகலின் அடையாளம் 'பகல்யாவ்', அதாவது உப்பிட்டு உலர்த்திய காட் மீன். இங்கே அது சுலபத்தில் கிடைக்காது. ஆனா நம்மகிட்ட வஞ்சிரம் கருவாடு இருக்கே! முதல் நாள் இரவே ஊறவைத்து, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றினால் உப்பு இறங்கிவிடும். பிறகு உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை சேர்த்து ஆலிவ் ஆயிலில் வதக்கலாம். பக்கத்து வீட்டுக்கு வாசனை போகும், முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

விந்தாலு வைப்பவர்கள் கவனிக்க: அதில் 'ஆலு' கிடையாது. 'வின்யா தாலியோஸ்' என்ற பெயர்தான் கோவாவில் இப்படித் திரிந்தது. ஒயினும் பூண்டும் என்று அர்த்தம். கோவாக்காரர்கள் ஒயினுக்குப் பதில் கள்ளில் எடுத்த வினிகரைப் பிடித்துக்கொண்டார்கள். சைவ விருந்தாளிகளுக்கு உருளைக்கிழங்கும் கீரையும் சேர்ந்த 'கால்து வெர்த்' சூப், சாசேஜ் போடாமல்.

லைவ் மியூசிக் எப்படி?

'ஃபாடு'தான் அவர்கள் உயிர். 2011-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இசை இது. ஒரு பாடகர், 12 கம்பி போர்த்துகீசிய கிட்டார், துணைக்கு ஒரு சாதாரண கிட்டார். இந்த 12 கம்பிக் கருவி இங்கே அரிது என்பதால், இரண்டு சாதாரண கிட்டார்களை வைத்தே சமாளிக்கலாம். லிஸ்பனின் பழைய ஃபாடு வீடுகளில் மைக் வைக்க மாட்டார்கள். விளக்கைக் குறைத்ததும் எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள், பாடும்போது பரிமாறுவதும் நின்றுவிடும். ஆக, ரெண்டு பாட்டு, அப்புறம் ஒரு கோர்ஸ் என்று திட்டமிடுங்கள்.

ஆட்டம் வேணும்னா இலங்கையின் பைலா இருக்கு. பெயரே போர்த்துகீசிய மொழியில் நடனத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான்.

போலீஸ் வருமா?

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. மூடிய அரங்குகளுக்கு, சத்தம் வெளியே போகாத வகையில் விலக்கு உண்டு. மொட்டை மாடிக்குக் கிடையாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. அதனால் பைலாவை 8 மணிக்கே முடித்துவிட்டு, மைக் இல்லாத ஃபாடுவைக் கடைசியில், அதுவும் 10 மணிக்கு முன் முடியுற மாதிரி வையுங்கள்.