அரை மில்லிமீட்டரில் நடந்த சண்டை

எச்டி டிவிடி என்று ஒரு தட்டு இருந்தது. 2006 ஏப்ரலில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது; 2008 பிப்ரவரியில் அதை உருவாக்கிய தோஷிபாவே கைவிட்டது. அதை எதிர்த்து நின்ற ப்ளூ-ரே இன்றும் விற்பனையில் இருக்கிறது. ப்ளூ-ரேயில் படம் துல்லியமாகத் தெரிந்தது, அதனால் ஜெயித்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டிலும் ஒரே படம்தான் தெரிந்தது. இரண்டுக்கும் 1920க்கு 1080 பிக்ஸல். வீடியோவைச் சுருக்கும் முறைகளும் இரண்டிலும் அதே மூன்றுதான். வார்னர் நிறுவனம் பல படங்களை ஒரே தடவை சுருக்கி, அதையே இரண்டு தட்டுகளிலும் ஏற்றி விற்றது. அருகருகே ஓடவிட்டால் எது எதென்று சொல்வது கடினம்.

அப்படியானால் சண்டை எதற்கு? அதைப் புரிந்துகொள்ள தட்டுக்குள் கொஞ்சம் எட்டிப்பார்க்க வேண்டும்.

டிவிடியில் ஒரு ஃபிரேமுக்கு, அமெரிக்க முறைப்படி, 720க்கு 480 பிக்ஸல். பெருக்கினால் சுமார் மூன்றரை லட்சம். எச்டி படத்துக்கு ஏறக்குறைய 21 லட்சம், அதாவது ஆறு மடங்கு. ஓர் அடுக்கு டிவிடி கொள்வதோ 4.7 ஜிகாபைட். தட்டின் அளவைப் பெரிதாக்காமல் இன்னும் நிறைய ஏற்ற வேண்டுமென்றால், தட்டில் பதிந்திருக்கும் குழிகளைச் சிறிதாக்க வேண்டும். சிறிய குழியைப் படிக்கச் சிறிய ஒளிப்புள்ளி தேவை. அந்தப் புள்ளியின் அளவைத் தீர்மானிப்பவை இரண்டு: லேசரின் அலைநீளம், அதைக் குவிக்கும் லென்ஸின் திறன். அலைநீளம் குறையக் குறைய, லென்ஸின் திறன் கூடக் கூட, புள்ளி சுருங்கும்.

அலைநீளத்தில் இரண்டு அணிக்கும் தகராறே இல்லை. ஜப்பானின் தொக்குஷிமா பகுதியில் நிச்சியா என்ற நிறுவனத்தில் வேலை பார்த்த ஷுஜி நாகமுரா, 1990களில் முதலில் பளிச்சென்ற நீல எல்இடியையும், பிறகு நீல-ஊதா லேசரையும் செய்து காட்டினார். நீல எல்இடிக்காக 2014இல் இன்னும் இருவரோடு சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார். டிவிடியின் சிவப்பு லேசருக்கு அலைநீளம் 650 நானோமீட்டர். இந்தப் புதிய லேசருக்கு 405. இரண்டு அணியும் இந்த 405ஐத்தான் எடுத்துக்கொண்டன.

பிரிந்தது லென்ஸில். லென்ஸின் குவிக்கும் திறனை ஓர் எண்ணால் சொல்வார்கள். டிவிடிக்கு அது 0.6. தோஷிபாவும் என்இசியும் அதைச் சற்றே உயர்த்தி 0.65 என்று வைத்தன. சோனி, பானசோனிக், பிலிப்ஸ் அணி துணிந்து 0.85க்குப் போனது.

இந்த எண்களிலிருந்தே கொள்ளளவைக் கணக்குப் போட்டுவிடலாம், போட்டுப் பார்ப்பது சுவையாக இருக்கும். லென்ஸ் எண்ணை அலைநீளத்தால் வகுத்து, அதை டிவிடியின் விகிதத்தோடு ஒப்பிட்டு, வர்க்கப்படுத்த வேண்டும். எச்டி டிவிடிக்கு மூன்று மடங்கு வரும். ப்ளூ-ரேவுக்கு ஐந்து மடங்குக்குச் சற்று மேல். 4.7ஐ மூன்றால் பெருக்கினால் 14. ஐந்து சொச்சத்தால் பெருக்கினால் 24. கடைக்கு வந்த தட்டுகளின் கொள்ளளவு ஓர் அடுக்குக்கு முறையே 15, 25 ஜிகாபைட். இரண்டு அடுக்கில் 30, 50. மிச்சமிருக்கும் சின்ன வித்தியாசம் பதிவு முறைகளின் நுணுக்கத்தால் வந்தது.

25 கிடைக்கும்போது 15 போதும் என்று தோஷிபா ஏன் நின்றது? அதற்குப் பதில் தட்டின் பிளாஸ்டிக்கில் இருக்கிறது. லேசர் நேராகக் குழியில் விழுவதில்லை, மேலே உள்ள பிளாஸ்டிக்கைக் கடந்துதான் போகிறது. தம்ளர் தண்ணீரில் நிற்கும் ஸ்பூன் முறிந்த மாதிரி தெரிகிறதே, அப்படித்தான் பிளாஸ்டிக்குக்குள் சாய்வாக நுழையும் ஒளியும் இடம் மாறும். சுழலும் தட்டு கொஞ்சமாவது ஆடும், சாயும். லென்ஸ் ஒளியை எவ்வளவு கூர்மையாகக் குவிக்கிறதோ, அவ்வளவு மோசமாக அந்தச் சாய்வு புள்ளியைக் கலைத்துவிடும். 0.85 லென்ஸ் வேண்டுமானால் ஒளி கடக்கும் பிளாஸ்டிக்கை மெல்லியதாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. டிவிடியில் தகவல் அடுக்கு 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்தது. எச்டி டிவிடி அதே ஆழத்தில் தங்கிவிட்டது. ப்ளூ-ரே 0.1 மில்லிமீட்டருக்கு மேலேறி வந்தது. இருவருக்கும் நடுவே இருந்தது இந்த அரை மில்லிமீட்டர்தான்.

அதன் விலையைத் தொழிற்சாலைக்காரர்கள் உடனே கண்டுகொண்டார்கள். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தட்டுகள் இரண்டை முதுகோடு முதுகாக ஒட்டியது. எச்டி டிவிடியும் அதேதான். இருக்கிற இயந்திரங்களைக் கொஞ்சம் மாற்றினால் ஓட்டிவிடலாம். ப்ளூ-ரேவுக்குப் புதிய இயந்திரங்கள் வாங்க வேண்டும், அதிகச் செலவு. கீறல் பயம் வேறு. 0.1 மில்லிமீட்டர் உறையில் ஒரு கீறல் விழுந்தால் தகவலுக்கு மிக அருகில் விழுகிறது. 2003இல் ஜப்பானில் சோனி விற்ற முதல் ப்ளூ-ரே ரெக்கார்டரில் தட்டு ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைபட்டே வந்தது. டிடிகே நிறுவனம் கீறலைத் தாங்கும் கடினப் பூச்சு ஒன்றை உருவாக்கிய பிறகுதான் அந்தப் பெட்டியைத் தூக்கிப்போட முடிந்தது. எச்டி டிவிடியின் பக்கம் நியாயம் இருந்தது என்று நான் சொல்வது இதனால்தான். சிக்கனமான, கடைக்காரருக்கும் ஆலைக்காரருக்கும் வசதியான வழி அது.

பொறியியல் வேறுபாட்டைப் பேசித் தீர்த்திருக்கலாம். ஒரு முறை தீர்த்தும் இருக்கிறார்கள். டிவிடி பிறப்பதற்கு முன்பும் இரண்டு அணி இருந்தது: ஒரு பக்கம் சோனியும் பிலிப்ஸும், மறுபக்கம் தோஷிபாவும் டைம் வார்னரும். அப்போது கம்ப்யூட்டர் நிறுவனங்கள் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே தட்டு இல்லையென்றால் எதையும் ஏற்க மாட்டோம் என்று அழுத்தம் கொடுத்தன. ஐபிஎம் தலைவர் லூயி கெர்ஸ்ட்னர் நடுவில் நின்றார். 1995இல் சமரசம் ஆனது. தட்டின் அமைப்பு பெரும்பாலும் தோஷிபா அணியுடையது. ஒவ்வொரு தட்டுக்கும் பிளேயருக்கும் காப்புரிமைப் பணம் வரும் தொழில் இது. அடுத்த தலைமுறைத் தட்டும் தன் வடிவமைப்பிலிருந்தே வளர வேண்டும் என்று தோஷிபா விரும்பியதும், இந்த முறை விட்டுக்கொடுப்பதில்லை என்று சோனி நின்றதும் அதனால்தான்.

2005இல் மறுபடி பேச்சு நடந்தது. 0.1ஆ 0.6ஆ என்ற இடத்திலேயே அது முறிந்தது. இந்தத் தடவை நடுவராக நிற்க ஆளில்லை. டெல், எச்பி, ஆப்பிள் ப்ளூ-ரே பக்கம். மைக்ரோசாஃப்ட், இன்டெல் எச்டி டிவிடி பக்கம். 1995இல் சேர்ந்து அதட்டியவர்களே இப்போது கட்சி பிரிந்து நின்றார்கள். சண்டை தெருவுக்கு வந்ததற்கு இதைத்தான் முதல் காரணமாகச் சொல்வேன்.

கடைகளில் முதலில் முந்தியது எச்டி டிவிடி. 2006 ஏப்ரலில் தோஷிபாவின் பிளேயர் அமெரிக்காவில் 499 டாலருக்கு வந்தது. இரண்டு மாதம் கழித்து சாம்சங் கொண்டுவந்த ப்ளூ-ரே பிளேயர் 999 டாலர். விலையை மட்டும் பார்த்தால் ஆட்டம் அன்றே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நவம்பரில் சோனி தன் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுப் பெட்டிக்குள் ப்ளூ-ரே பிளேயரை வைத்தே 499, 599 டாலருக்கு விற்றது. ஒவ்வொரு பெட்டியிலும் நஷ்டம். நீல லேசர் போதுமான அளவு கிடைக்காமல் ஐரோப்பாவில் வெளியீடு 2007 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. ஆனாலும் விளையாட வாங்கியவர்கள் வீட்டிலெல்லாம் கேட்காமலே ஒரு ப்ளூ-ரே பிளேயர் போய்ச் சேர்ந்தது. 2007 முடிவில் அப்படிப்பட்ட பெட்டிகள் உலகெங்கும் சுமார் ஒரு கோடி. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டிக்கும் எச்டி டிவிடி பிளேயர் இருந்தது. ஆனால் அதைத் தனியாக 199 டாலர் கொடுத்து வாங்கிச் சொருக வேண்டும்.

தோஷிபா விலையைக் குறைத்துப் பார்த்தது. 2007 நவம்பரில் வால்மார்ட்டில் ஒரு எச்டி டிவிடி பிளேயர் 98.87 டாலருக்குக்கூட விற்றது. பிளேயர் மலிவாகி என்ன பயன்? அதில் போட்டுப் பார்க்கப் படம் வேண்டுமே. படங்கள் ஸ்டூடியோக்களின் கையில் இருந்தன. சோனி, டிஸ்னி, ஃபாக்ஸ் ஆகியவை ப்ளூ-ரேயில் மட்டும். யூனிவர்சல் எச்டி டிவிடியில் மட்டும். 2007 ஆகஸ்டில் பாரமவுண்டும் டிரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் எச்டி டிவிடிக்கு மட்டும் என்று மாறின. அதற்காக அவர்களுக்குச் சுமார் 15 கோடி டாலர் மதிப்புள்ள சலுகைகள் கிடைத்ததாகப் பத்திரிகைகள் எழுதின. இரண்டிலும் வெளியிட்டுவந்த ஒரே பெரிய ஸ்டூடியோவாக மிஞ்சியது வார்னர்; அமெரிக்க டிவிடி விற்பனையில் முதலிடம் அதற்குத்தான்.

வாங்குபவர்களின் பாடு அப்போது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்பைடர்மேன் வேண்டுமென்றால் ஒரு பிளேயர், டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வேண்டுமென்றால் இன்னொன்று. எல்ஜி இரண்டையும் ஓட்டும் பிளேயர் கொண்டுவந்தது, விலை 1,199 டாலர். பெரும்பாலான குடும்பங்கள் எதையும் வாங்காமல் பழைய டிவிடியோடு நிம்மதியாக இருந்தன. முடிவை எழுதியவர்கள் அவர்கள்தான் என்பது என் கருத்து. வாடிக்கையாளர்கள் குழம்பி நிற்கிறார்கள், ஒரே தட்டு இருந்தால்தான் வியாபாரம் நகரும் என்று காரணம் சொல்லி, 2008 ஜனவரி 4 அன்று வார்னர் ப்ளூ-ரேவுக்கு மட்டும் என்று அறிவித்தது. டிவிடியைத் தோஷிபாவோடு சேர்ந்து வளர்த்த அதே வார்னர். அடுத்த சில நாட்களில் லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சியில் நடக்கவிருந்த எச்டி டிவிடி அணியின் பத்திரிகையாளர் கூட்டம் ரத்தானது. பிப்ரவரி 11 அன்று, தபாலில் தட்டு அனுப்பிவந்த நெட்ஃபிளிக்ஸ் ப்ளூ-ரே பக்கம் போனது. 15ஆம் தேதி வால்மார்ட். 19ஆம் தேதி தோக்கியோவில் தோஷிபா தலைவர் அட்சுதோஷி நிஷிடா நிருபர்கள் முன் வந்து, எச்டி டிவிடியை நிறுத்துவதாகச் சொன்னார். ஒன்பது நிறுவனங்கள் கூடி ப்ளூ-ரேயை அறிவித்தது 2002இல் இதே பிப்ரவரி 19தான்.

எச்டி டிவிடி பிளேயர் உலகெங்கும் சுமார் பத்து லட்சம் விற்றிருந்தது. வாங்கியவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை; பெரிய நிறுவனங்களின் பெயரை நம்பினார்கள், அவ்வளவுதான். பெஸ்ட் பை கடைகள் அவர்களுக்கு 50 டாலர் அன்பளிப்பு அட்டை கொடுத்தன. வார்னர் 2009இல், பழைய எச்டி டிவிடிக்குப் பதிலாக அதே படத்தின் ப்ளூ-ரேயை 4.95 டாலருக்கு மாற்றிக்கொடுத்தது. மாற்றாமல் வைத்திருப்பவர்களுக்கு இப்போது வேறொரு தொல்லை: வார்னர் வெளியிட்ட எச்டி டிவிடிகளில் பல, அடுக்குகள் கெட்டு ஓட மறுக்கின்றன.

பரணில் யாரிடமாவது எச்டி டிவிடியின் பழுப்புச் சிவப்புப் பெட்டிகள் இருந்தால், உள்ளே இருக்கும் தட்டை ப்ளூ-ரே பிளேயரில் போட்டுப் பயனில்லை. லேசர் ஒன்றுதான் என்றாலும் ஆழம் வேறு, பதிவு முறை வேறு. டிவிடி மட்டும் ஏன் ப்ளூ-ரே பிளேயரில் ஓடுகிறது என்றால், அதற்கென்று உள்ளே தனியாக ஒரு சிவப்பு லேசரும் வைத்திருக்கிறார்கள்.

நம்மைப் போன்ற நாட்டுக்காரர்களுக்கு எச்டி டிவிடியில் ஒரு நல்ல குணம் இருந்தது. அதற்கு மண்டலப் பூட்டு கிடையாது. எந்த நாட்டில் வாங்கிய தட்டும் எந்த நாட்டு பிளேயரிலும் ஓடும். ப்ளூ-ரேயோ உலகத்தை ஏ, பி, சி என்று மூன்றாக வெட்டியது. இந்தியா சி, பிரிட்டன் பி, சிங்கப்பூர் ஏ. லண்டனில் வாங்கிய தட்டு சென்னை பிளேயரில் ஓடாமல் போனதற்கு இதுதான் காரணம். 2016இல் வந்த 4கே ப்ளூ-ரே 0.1 மில்லிமீட்டர் ஆழத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மண்டலப் பூட்டைக் கைவிட்டது. வெளிநாட்டிலிருந்து தட்டு வரவழைப்பவர்கள் 4கே தட்டைத் தயங்காமல் வாங்கலாம். சாதாரண ப்ளூ-ரே என்றால் உறையின் பின்பக்கத்தில் சிறிய அறுகோணத்துக்குள் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.