நந்தனார் கீர்த்தனையும் புலவர் தீர்ப்பும்

ஒரு நூலின் தகுதியை அளந்து கூறுவோர் இருதிறத்தார். இலக்கண இலக்கியங்களில் துறைபோய புலவர் ஒரு திறத்தார். கேட்டுச் சுவைக்கும் பொதுமக்கள் மற்றொரு திறத்தார். இவ்விருவர் தீர்ப்பும் எப்பொழுதும் ஒத்திருப்பதில்லை. கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

நந்தனார் வரலாறு தொன்மையானது. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அவரை ஒரு தொடரால் போற்றினார். நம்பியாண்டார் நம்பி ஓர் அந்தாதிச் செய்யுளால் பாடினார். சேக்கிழார் பெரியபுராணத்தில் 37 செய்யுட்களால் விரித்துரைத்தார். ஆதனூரிற் பிறந்த நந்தனார், திருக்கோயில் முரசங்களுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அளித்துத் தொண்டு புரிந்தவர். தில்லையைக் காண வேட்கை கொண்டும், தம் பிறப்பை எண்ணித் தயங்கி, நாளைப் போவேன் என்று நாட்களைக் கழித்தமையால் திருநாளைப்போவார் எனப் பெயர் பெற்றார். அவரைத் தடுக்கும் ஆண்டை எவரும் சேக்கிழார் நூலில் இல்லை.

பாரதியாரோ புதியதொரு பாத்திரத்தைப் படைத்தார். அவர் கதையில் நந்தனார் ஒரு வேதியரின் பண்ணையாள். தில்லைக்குச் செல்ல விடை வேண்டிய நந்தனாரை அவ்வேதியர் கடிந்துரைக்கிறார். 40 வேலி நிலத்தின் பயிர்வேலையை முடித்த பின்னரே செல்லலாம் என்று பணிக்கிறார். இறைவன் அருளால் அவ்வேலை ஓரிரவில் முடிகின்றது. மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர் பாரதியார். ஆண்டையின் சொல்லைக் கடக்கமாட்டாத உழவுத் தொழிலாளரின் நிலை அந்நாளில் தஞ்சைச் சீமையெங்கும் கண்கூடு. ஆதலின், அப்பாத்திரம் புராணத்தில் இல்லையாயினும், கேட்டவர்க்குப் புதியதன்று.

இந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி, பாரதியார் மாயூரத்தில் வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அணுகினார். கீர்த்தனைகளில் இலக்கண வழுக்கள் உளவெனக் கண்ட பிள்ளை பாயிரம் தர மனங்கொள்ளவில்லை. பாரதியார் சோர்வின்றிப் பன்முறை வந்தார். ஒருநாள் நண்பகலில் பிள்ளை உள்ளே துயின்றுகொண்டிருந்தார். திண்ணையில் காத்திருந்த பாரதியார், நந்தனாரின் ஏக்கத்தைக் கூறும் கீர்த்தனையொன்றை உருகிப் பாடினார். விழித்துக் கேட்ட பிள்ளையின் உள்ளம் நெகிழ்ந்தது, பாயிரமும் பிறந்தது. பிள்ளையின் மாணாக்கராகிய உ. வே. சாமிநாதையர் இச்செய்தியை எழுதி வைத்துள்ளார்.

மாணவர்களே! இங்கு இலக்கணம் தோற்றது என்று கொள்ளுதல் பொருந்தாது. பிள்ளை கண்ட வழுக்கள் வழுக்களே. ஆயினும் ஏட்டில் கண்ணாற் கற்கும் செய்யுள் வேறு. இசையோடு செவியாற் கேட்கும் கீர்த்தனை வேறு. எழுத்தைக் கொண்டு மட்டும் அளந்தபொழுது குறை தோன்றியது. பாட்டாகக் கேட்டபொழுது அதன் உயிர் தோன்றியது. தாம் முன்னர்க் கொண்ட முடிவை மாற்றிக்கொள்ள அஞ்சாமை பெரும்புலவரின் பெருமையாகும்.

பின்னர் அக்கீர்த்தனைகள் கதை நிகழ்த்துவோர் வாயிலாக ஊர்தோறும் பரவின. 1935இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942இல் எம். எம். தண்டபாணி தேசிகரும் திரைப்படங்களில் நந்தனாராக நடித்தனர். இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையே, 1939 ஜூலை 8ஆம் நாள், மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் அரிசன மக்கள் வைத்தியநாதையர் முதலியோருடன் உட்புகுந்து வழிபட்டனர். பாட்டில் கேட்டு இரங்கிய துயரை நாட்டில் நீக்கும் முயற்சியும் அக்காலத்தே நிகழ்ந்தது.

ஆராய்ச்சி அத்துடன் முடிந்திலது. தீயில் மூழ்கி எழுந்த பின்னரே நந்தனாருக்குத் தில்லையில் இடம் கிடைத்தது முறையோ என்று பிற்காலத்தார் வினவினர். புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' என்னும் சிறுகதையில் அக்கதையைத் தம் காலத்துக்குக் கொணர்ந்து நோக்கினார். இலக்கண வழுவை ஆராய்ந்தது ஒரு தலைமுறை. நீதியின் வழுவை ஆராய்ந்தது மற்றொரு தலைமுறை. இவ்விரு வினாக்களையும் தாங்கி இன்றும் அக்கீர்த்தனைகள் இசையரங்குகளில் ஒலிக்கின்றன. அவற்றைக் கேட்கும் நாம், இசையின் இனிமையில் திளைப்பதோடு, அவற்றுள் அழுகின்ற ஓர் உழவனின் குரலையும் செவிமடுத்தல் வேண்டும்.